ஈர ஸ்பாஞ்சுக்குக் காப்புரிமை

பாக்கர் திருடிவிட்டான் என்று கடலாடி பஜாரில் குருநாதன் சொல்லாத ஆள் பாக்கியில்லை. திருட்டுப் போனது செல்போன் அல்ல. செல்போன் கடைக்காரரான குருநாதனின் மூளையில் உதித்த ஒரு கண்டுபிடிப்பு.

2009ஆம் வருடம். டச் போன் அப்போதுதான் ஊருக்குள் வந்திருந்தது. அதில் இரண்டு வகை. ஒன்று அழுத்தினால் போதும். நகமோ குச்சியோ, எது பட்டாலும் வேலை செய்யும். இன்னொன்று விலை கூடியது. அழுத்தவே வேண்டாம், ஆனால் விரலின் சதையை அது உணர வேண்டும். மிளகாய்க் காட்டிலும் கரிமூட்டத்திலும் காய்த்துப்போன விரல்களை அது விரலாகவே மதிக்கவில்லை. விலை கூடியதற்கு அந்தக் கெத்துகூட இல்லாவிட்டால் எப்படி?

விற்ற போன்கள் திரும்பி வரத் தொடங்கியபோதுதான் குருநாதன் அந்த மகா கண்டுபிடிப்பைச் செய்தார். பேங்க் கேஷியர் நோட்டு எண்ண வைத்திருப்பாரே, அதே மாதிரி ஒரு டப்பாவில் ஈர ஸ்பாஞ்ச். விரலை அதில் ஒற்றிவிட்டுத் தொட்டால் போன் மரியாதையாக வேலை செய்தது. ‘குருநாதன் டச் பேட்’ என்று ஸ்டிக்கர் ஒட்டி முப்பது ரூபாய்க்கு விற்றார்.

ஒரே வாரம். எதிர்க்கடை பாக்கர் அதே டப்பாவைச் சும்மாவே கொடுக்க ஆரம்பித்தார்.

குருநாதனுக்கு வயிறு எரிந்தது. தொடுதிரைக் காப்புரிமைக்காகப் பெரிய பெரிய கம்பெனிகளே கோர்ட்டில் கட்டிப் புரளுவதைப் பேப்பரில் படித்திருந்தார். தானும் லேசுப்பட்ட ஆளா என்ன? ராமநாதபுரம் வக்கீல் பொன்னுச்சாமியிடம் போய், பாக்கர் கடையை இழுத்துப் பூட்ட வைக்க வேண்டும் என்றார்.

வரப்புத் தகராறே பார்த்துப் பழகிய வக்கீல் தலையைச் சொறிந்தார். காப்புரிமை கண்டுபிடித்தவருக்குத்தான் கிடைக்கும், சென்னைக்கு எழுதிப் போட வேண்டும், முதலில் நீங்கள் அதைக் கண்டுபிடித்த அன்றைக்குக் கடையில் இருந்த ஒரு சாட்சியைக் கூட்டி வாருங்கள் என்றார்.

அன்றைக்கு இருந்தது கருத்தம்மாள் மட்டும்தான். கூலிக்கு மிளகாய் பறிப்பவர். துபாயிலிருந்து மகன் கொடுத்தனுப்பிய போன் வேலை செய்யவில்லை என்று காட்ட வந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பதால் குருநாதனுக்கு அவரை ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு கைநாட்டு வைத்தால் போதும் என்று சொல்லி, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்துக் கூட்டி வந்தார்.

வக்கீல் தாளையும் மை டப்பாவையும் நீட்டினார். கருத்தம்மாள் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, முந்தானையில் லேசாக ஒற்றி, அப்புறம்தான் மையில் வைத்தார். எதற்கு இதெல்லாம் என்று வக்கீல் கேட்டார்.

“காஞ்ச வெரலுய்யா. ஈரம் பண்ணாட்டி ரேகை விழுகாது. அன்னைக்கி தம்பி கடையிலயும் இப்படித்தான் தொட்டேன். செத்துக் கெடந்த போனு முழிச்சிருச்சு. தம்பியே அசந்துபோச்சு.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றிவிட்டு குருநாதனைப் பார்த்தார். குருநாதன் ஃபேனைப் பார்த்தார்.

“அது கெடக்கட்டும் சார். பாக்கர் திருடுனதுக்கு என்ன பண்ணலாம், அதச் சொல்லுங்க.”

“அவுக எங்க திருடுனாக, தம்பி?” என்றார் கருத்தம்மாள். “வீடு தேடி வந்து, ‘யோசனை ஒங்களோடதாம்ல, என் கடையில வச்சுக்கிறவா’ன்னு கேட்டாக. காசு வாங்காமக் குடுக்கிறதா இருந்தா வச்சுக்கங்கன்னு நான்தான் சொன்னேன்.”