என் தட்டுல கை வைக்காதே!

"என் தட்டுல கை வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது!"

அத்தான் போட்ட சத்தத்தில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தங்கைக்கு முகம் சிவந்துவிட்டது.

கை வைத்தது வேறு யாரும் இல்லை. அவருடைய மனைவிதான், தங்கையின் கூடப் பிறந்த அக்கா. பெரிய சிகிச்சை முடிந்து போன மாதம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். எதை வாயில் வைத்தாலும் ருசி தெரியவில்லை என்று, ஒரு வாய் கஞ்சியோடு கிண்ணத்தைத் தள்ளிவிடுவாள்.

"அடுத்த தடவை வரும்போது எடை ஏறியிருக்கணும். இல்லேன்னா மூக்கு வழியா மறுபடியும் குழாய் போட வேண்டியதுதான்" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் அத்தான் கிளம்பினார். "வாங்க, தேயிலை மலைக்குப் போவோம். ரெண்டு நாள் குளிர்ல உட்கார்ந்து நல்லா சாப்பிட்டுட்டு வரலாம்!"

பிளாஸ்க் நிறையக் கஞ்சியோடு, அக்காவுக்குத் துணையாகத் தங்கையும் காரில் ஏறினாள்.

மலை ஏறத் தொடங்கியதிலிருந்து அத்தானின் வாய் ஓயவே இல்லை. முதல் வளைவிலேயே வண்டியை நிறுத்திச் சுட்ட சோளம். மூடுபனிக்குள் நுழைந்ததும் வெண்ணெய் வழியும் ரொட்டி. பச்சைப் பசேலென்று தேயிலைச் சரிவு கண்ணில் பட்டதும், "ஆகா! இதைப் பார்த்துக்கிட்டே ஒரு டீ குடிக்கலேன்னா பிறந்ததுக்கு என்ன அர்த்தம்?" என்று இறங்கி ஓடினார். இஞ்சி டீ, கூடவே சுடச்சுட கேக்.

"உங்களுக்கு இருக்கிறது வயிறா, நெல்லுக் குதிரா?" என்றாள் அக்கா.

"குதிர்னே வச்சுக்கோ. பக்கத்துல எலி வராம பார்த்துக்கணும், அவ்வளவுதான்!"

தங்கையிடம், "உனக்கு?" என்று ஒவ்வொரு கடையிலும் கேட்டார். அக்காவை மட்டும் கேட்கவில்லை. நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த மனுஷனுக்கு இப்படி நாக்கு கேட்கிறதே என்று தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது இந்த ஓட்டலிலும் அதே கதை. அத்தான் முன்னால் பட்டாணி சூப், ரொட்டி, ஆம்லெட், பொரித்த உருளைக்கிழங்கு. அக்கா முன்னால் வெறும் மேசை.

"அக்கா, நீ இந்தக் கஞ்சியைக் குடி. ரெண்டே ரெண்டு வாய். என் தங்கம் இல்லே?" தங்கை பிளாஸ்க்கைத் திறந்தாள்.

"அப்புறம் பார்க்கலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள் அக்கா. அத்தான் சன்னல் பக்கம் பார்த்த அடுத்த நொடி, அவர் சூப்பில் ரொட்டியை முக்கி வாயில் போட்டுக்கொண்டாள்.

"ஏய், திருடி!"

"ஒரு துண்டுதானே! உயிரா போயிடும்?"

"ஒரு துண்டா? கேக்ல பாதி எங்கே போச்சு? எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

அத்தான் கைகளால் தட்டைச் சுற்றி அணை கட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கை அள்ளி அள்ளி விழுங்கினார். அக்கா அணைக்கு அடியில் விரலை விட்டாள்.

அவர் கை கழுவ எழுந்ததும் தங்கை பின்னாலேயே போனாள்.

"தப்பா நினைக்காதீங்க அத்தான். அவளுக்கும் ஒரு தட்டு சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க? உடம்பு முடியாதவளை இப்படியா நாலு பேர் பார்க்க விரட்டறது?"

அத்தான் குழாயை மூடினார். மேசைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அவளுக்குன்னு தட்டு வச்சா தொடுவாளா? நீயும் பிளாஸ்க்கோட பின்னாடியே சுத்தறே. குடிச்சாளா?"

தங்கை திரும்பி மேசைமேல் இருந்த பிளாஸ்க்கைப் பார்த்தாள்.

"கல்யாணமான புதுசுலேர்ந்து அவளுக்கு என் தட்டுதாம்மா ருசி. தொடாதேன்னா இன்னும் ரெண்டு வாய் கூட போகும். ஆனா வீட்ல ரெண்டு பேருக்கும் கஞ்சி. கஞ்சியைப் போய் யார் திருடுவா? அதான் இங்கே கூட்டிட்டு வந்தேன்." அவர் கண் பளபளத்தது. "பார்த்தியா, சூப் கிண்ணம் காலி! அவளுக்கு ருசி திரும்பிடுச்சு! நீ போய் அவளோட கார்ல உட்காரு. எதிர்க்கடையில என்னமோ சூடா பொரிக்கிறான், ஒரு கை பார்த்துட்டு வரேன்."

தங்கைக்குக் கால் தரையில் பாவவில்லை. அக்காவைக் காரில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தியதும் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா! உனக்கு ருசி வந்துடுச்சாமே! என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

அக்கா கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். மூடுபனிக்குள் அத்தான் அதில் ஒன்று, இதில் ஒன்று என்று கடைக்காரரிடம் கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

"வரலைடி. ஈரப் பஞ்சை மெல்லுற மாதிரிதான் இருக்கு. அவர்கிட்ட சொல்லிடாதே."

"அப்போ எதுக்குக்கா அப்படிப் பாய்ஞ்சு பாய்ஞ்சு திருடினே?"

"நான் கை நீட்டினாத்தான் அவர் அவசரமா நாலு வாய் முழுங்கறார். நான் படுத்ததிலேர்ந்து மனுஷன் எதை வச்சாலும் அளைஞ்சுட்டு எழுந்து போயிடறார். இளைச்சுப் பாதியாயிட்டார். யார் கண்ணுல பட்டது? ஆஸ்பத்திரியில என்னை மட்டும்தானே எடை போடறாங்க!"