எலிக்கு வெளிச்சம் ஆகாது

"எலிக்கு இருட்டு வேணுமா? இன்னாடா கதை இது?"

எனக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. ஏறாதா பின்னே? தண்டலத்துல ஒரு லைன் வூட்டுல நாங்க மூணு பேரு ஒரே ரூம்ல இருந்தோம். எண்பத்திமூணாம் வருஷம். ராஜாமணி ஒரு ஞாயித்துக்கிழமை மூர் மார்க்கெட் போயிட்டு, கம்பிக்கூண்டும் கையுமா வந்து நிக்கிறான். உள்ளே வாலே தெரியாத ஒரு கொழுகொழு எலி.

"எலி இல்லடா சுப்பராயா, ஹாம்ஸ்டர். சீமை ஜாதி. பகல்ல தூங்கும், ராத்திரி ஓடும். பகல் வெளிச்சம் பட்டுச்சுன்னா கண்ணு அவிஞ்சு நாலே நாள்ல செத்துடும். இனிமே காலையிலேர்ந்து ரெண்டு மணி வரைக்கும் ஜன்னலைத் தொறக்கக் கூடாது, பல்பு போடக் கூடாது."

"ரேடியோ?"

"சத்தமும் ஆகாது."

எனக்கும் ராஜாமணிக்கும் செகண்ட் ஷிப்ட். மூணரைக்குப் போவணும். காலைப் பொழுது ஒண்ணுதான் எங்களுக்குன்னு இருக்கிற பொழுது. ஜன்னல் கம்பியில கண்ணாடி மாட்டி ஷேவிங், அப்புறம் பேப்பர், ரேடியோவுல பாட்டு. என் ராஜாங்கமே அந்த ஜன்னல்தான்.

மூணாவது ஆள் பழனிவேல். தகடு வெட்டுற பிரஸ் ஷாப்ல எப்பவும் நைட் ஷிப்ட். காலையில எட்டு மணிக்கு வந்து பாயை விரிப்பான். போன மாசம் மெஷின் முன்னாடி கண்ணசந்துட்டான், விரல் தப்பிச்சது பெரிய விஷயம். இன்னொரு தரம் தூங்கினா கம்பெனி கேட் பக்கமே வராதேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாராம்.

சூப்பர்வைசர் அப்படிச் சொன்ன அன்னைக்கே, எலி வர்றதுக்கு முன்னாடி, பழனிவேல் என்கிட்ட கேட்டான்.

"சுப்பராயா, ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கட்டுமாடா? வெளிச்சத்துல தூக்கமே வரமாட்டேங்குது."

"ஜன்னல் உனக்கு மட்டுமா கீது? மூஞ்சி மேல துண்டைப் போட்டுக்கினு படு"ன்னுட்டேன்.

அதுக்கப்புறம் அவன் வாயைத் தொறக்கலை. துண்டைப் போட்டுக்கினு புரண்டு புரண்டு கிடப்பான்.

ஆனா ஒண்ணு. வாயில்லா ஜீவன்னா நான் உருகிடுவேன். டீக்கடை நாய்க்குப் பாதி பன்னு போடாம நான் டீ குடிச்சதே இல்லை. ராஜாமணிக்கு இது நல்லாத் தெரியும்.

"செத்துப் போச்சுன்னா பாவம் உன் தலையிலதான்"னான்.

போதாதா? ஜன்னலைச் சாத்தினேன். அவன் இடுக்குல எல்லாம் காலண்டர் அட்டையைச் சொருகினான். பல்பைக் கழட்டிப் பரண்ல வெச்சான். கூண்டு மேல கறுப்புத் துணி வேற. "பகல்ல இந்தத் துணியை மட்டும் தொட்டுடாதே"ன்னு கண்டிஷன்.

நான் பம்படியில நின்னு ஷேவ் பண்ணினேன். தாடையில ரெண்டு இடத்துல வெட்டு. லைன்ல இருக்கிறவன் எல்லாம் சிரிச்சான். மனுஷனைவிட எலி ஒசத்தியாப் போச்சான்னு ராஜாமணியைத் திட்டாத நாளில்லை.

ரெண்டு மாசம் ஓடிச்சு. பழனிவேலைக் கம்பெனியில பர்மனென்ட் பண்ணிட்டாங்க. அல்வா வாங்கிக்கினு வந்தான். மூஞ்சியில ஒரு களை வந்திருந்துச்சு. நைட் ஷிப்ட் பழகிடுச்சு போலன்னு நெனச்சுக்கிட்டேன்.

மறுநாள் காலையில ராஜாமணி குளிக்கப் போயிருந்தான். அல்வா தின்ன சந்தோஷத்துல, எலிக்கும் ஒரு கேரட் துண்டு குடுப்போமேன்னு கறுப்புத் துணியை ஓரமாத் தூக்கினேன்.

கூண்டு காலி!

பூனை தூக்கிடுச்சா? பின்பக்கம் வூட்டுக்காரம்மா பாப்பம்மாள்கிட்ட ஓடினேன்.

"அக்கா, எலியைக் காணோம்!"

"கத்தாதே தம்பி. தோ கீது பாரு."

அவங்க சமையல் ரூம் அலமாரியில ஒரு பிஸ்கெட் டின்னு. மேல சல்லடை மூடியிருந்துச்சு. கதவு வழியா வெளிச்சம் பளீர்னு அது மேல விழுது. உள்ளே மரத்தூள்ல சுருண்டு படுத்து, எலி சுகமாத் தூங்குது.

"ஐயோ, வெளிச்சம் பட்டா செத்துடுமே!"

"யாரு சொன்னது? பகல் வெளிச்சம் இருந்தாதான் அது தூங்குமாம். இருட்டுல வெச்சா ராத்திரின்னு நெனச்சுக்கினு, கூண்டுல இருக்கிற சக்கரத்துல ஏறிக் கடகடன்னு ஓட ஆரம்பிச்சுடுமாம். அப்புறம் அங்க யாரு தூங்கறது? அதான் தினம் நீ பல்லு விளக்கப் போற நேரத்துல ராஜாமணி தம்பி இங்க கொண்டாந்து வெச்சிடுது. மத்தியானம் எடுத்துக்கினு போவுது."

"அப்போ ரூம்ல அந்த இருட்டு..."

பாப்பம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தாங்க. "அதை இன்னாத்துக்கு என்னைக் கேக்கறே?"

ரூமுக்குத் திரும்பினேன். செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. கூட இருக்கிறவன் கெஞ்சினப்போ சாத்தாத ஜன்னலை, எலிக்காகச் சாத்தியிருக்கேன். ராஜாமணி என்கிட்ட சண்டை போடலை, புத்தி சொல்லலை. ரெண்டு மாசமா என் வாயில திட்டு வாங்கிக்கினு சிரிச்சுட்டே இருந்திருக்கான். அவனைக் கையெடுத்துக் கும்பிடணும்னு தோணுச்சு.

கேரட்டைக் காலிக் கூண்டுக்குள்ள வெச்சுத் துணியை மூடினேன். காலண்டர் அட்டை ஒண்ணு நழுவி, ஒரு கீத்து வெளிச்சம் பழனிவேல் மார் மேல விழுந்துச்சு. அங்கே கோத்து வெச்சிருந்த அவன் கையைப் பார்த்தேன். பத்து விரலும் பத்திரமா இருந்துச்சு. அட்டையை நல்லா அழுத்திச் சொருகினேன்.

ராஜாமணி தலையைத் துவட்டிக்கினே வாசல்ல வந்து நின்னான்.

"இன்னாடா, எலி தூங்குதா?"

"அசந்து தூங்குதுடா"ன்னேன். "சத்தம் போடாம கதவைச் சாத்து."