காலியாகவே வீடு திரும்பிய டப்பா

காப்பார் சாலையோர மரநிழலில் இரண்டு லோரிகள் அருகருகே நிற்கின்றன. ஜெயராஜ் தன் லோரியிலிருந்து இடது காலை மெதுவாக ஊன்றி இறங்குகிறார். சர்க்கரை நோய்க்கு அந்தக் காலில் இரண்டு விரல்களைக் கொடுத்துவிட்டு, இன்றுதான் வேலைக்குத் திரும்பியிருக்கிறார். மனைவி புஷ்பா கட்டிக்கொடுத்து, டேஷ்போர்டு வெயிலில் சூடேறிய சாப்பாட்டு டப்பாவைப் பழக்கம் மாறாமல் அடுத்த லோரி ஓட்டும் திமோத்தியிடம் நீட்டுகிறார். இன்னொரு கை திமோத்தியின் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலத்துக்காக விரிகிறது. இரண்டு வருடமாக மதியந்தோறும் நடக்கும் பண்டமாற்று இது. திமோத்தி இன்று டப்பாவை வாங்கவில்லை.

“என்ன லா, பசிக்கலையா?”

“புஷ்பா அக்கா நேத்து போன்ல அழுதாங்க அண்ணே. ‘டப்பா தினமும் காலியாத்தானே வந்துச்சு, அப்புறம் ஏன் வெரல எடுத்தாங்க’ன்னு கேட்டாங்க.”

“நீ என்ன சொன்ன?”

“என்னத்தச் சொல்ல? சாப்பிட்டது நானாச்சே.”

கண்டெய்னர் லோரி ஒன்று தரை அதிரக் கடந்து போகிறது. பொட்டலத்திலிருந்து மிளகாய்ச் சம்பல் வாசனை வருகிறது. விரிந்திருந்த ஜெயராஜின் கை மெல்ல மடங்குகிறது. லோரிப் படியில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கிறார். கொஞ்சம் பழுப்பரிசிச் சோறு, அவித்த முட்டை, ஓரத்தில் கரும்பச்சையாக ஒரு உருண்டை. அதை விரலால் தொட்டுப் பார்க்கிறார்.

“இது என்னடா?”

திமோத்தி டப்பாவை எட்டிப் பார்க்கவில்லை.

“இன்னிக்கு புதன்கெழமதானே? வல்லாரைத் தொவையலா இருக்கும். சோத்துல பெசஞ்சு சாப்பிடுங்க அண்ணே. அக்கா நல்லா செய்வாங்க.”