கரப்பான்பூச்சிக்குக் கிடைத்த கருணை

"கோழி, மீனெல்லாம் சாப்பிடுவீங்களா?" என்று பெண் பார்க்க வந்த அன்று கேட்டேன். "ஐயையோ, நான் எறும்பைக்கூட மிதிக்க மாட்டேங்க" என்றார் பரிதி. உருகிப்போனேன்.

அவருக்கு வீட்டிலிருந்தே எல்லைக்காவல் வேலை. திரையில் யாராவது வேலி தாண்டினால் பட்டனை அழுத்துவார். அங்கே ட்ரோன் சுட்டுவிடும். ஜீவகாருண்யச் சான்றிதழ் உள்ளவர்களுக்கு மட்டும்தான் அந்த வேலையாம்.

இன்று அவர் மேசையில் ஒரு கரப்பான்பூச்சி. விளக்குமாற்றை ஓங்கினேன்.

"அடிக்காத மிருதுளா! பாவம், அதுவும் ஒரு உசிர்தானே?"

காகிதத்தில் ஏந்திப்போய்த் தோட்டத்தில் விட்டார். திரும்பியபோது திரையில், வேலியருகே இரண்டு பேர். இரண்டு முறை அழுத்தினார். பிறகு கைகழுவி, மகளுக்குத் தயிர்சாதம் பிசைந்தார்.

மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்றதைச் சொல்லிவிட்டேன்: "அந்தக் கையால என் குழந்தைக்கு ஊட்டாதீங்க."