படிக்கட்டில் ஓர் அப்பா

எங்கள் குடியிருப்பில் இப்போது எல்.கே.ஜி. பிள்ளைகள் எல்லோர் கையிலும் ரத்த அழுத்தப் பட்டைதான். எதிர்வீட்டு நறுமுகைக்கு, அவள் அப்பா ஆனந்தவேலு கத்தினாலே அழுத்தம் ஏறிப் பட்டை சிவந்துவிடும். சிவந்தால் அவர் வெளியே போக வேண்டும் என்று மனைவி தமயந்தி சட்டம் போட்டுவிட்டாள்.

நேற்றும் மனிதர் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன சார், இன்னிக்கும் நாடு கடத்திட்டாங்களா?" என்றேன்.

"மெதுவாப் பேசுங்கக்கா, குழந்தைக்குக் கேக்கும்."

தெருமுனைவரை கேட்கும் தொண்டை பேசுகிற பேச்சா இது!

கதவு திறந்தது. "பச்சையாயிடுச்சுப்பா, உள்ள வா" என்றாள் நறுமுகை.

"உனக்கு இறங்கிடுச்சு கண்ணு. அப்பாவுக்கு இன்னும் கோபம் இறங்கல. கொஞ்சம் இருந்துட்டு வரேன்."

அவள் வந்து அவர் தோளில் சாய்ந்து உட்கார்ந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். பட்டை பச்சையாகவே இருந்தது.