லா

"உள்ள வரட்டுமா, பல்கீஸ்?"

"லா."

சேக் பரீது அறைக்குள் வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கையிலிருந்த ஆப்பிள் தட்டை, பல்கீஸைப் பார்த்துக்கொள்ளும் நாகஜோதியிடம் நீட்டினார்.

"நீயே குடும்மா."

"லா... லா!" கட்டிலிலிருந்து குரல் உயர்ந்தது. பல்கீஸின் இடது கை மெத்தையை அடித்தது. வாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன பிறகு, அவளிடம் மிச்சமிருப்பது அந்த ஒரு கையும் இந்த ஒரு சொல்லும்தான். அவர் திரும்பி நடக்க நடக்க அந்தச் சொல் பெரிதாகிக்கொண்டே போகும். இன்றும் போனது.

சொந்த வீட்டில் பெண்டாட்டி படுத்திருக்கும் அறைக்குள் நுழைய எவனாவது அனுமதி கேட்பானா? சேக் பரீது கேட்பார். லீவுக்கு மட்டும் வீட்டுக்கு வந்துபோன மனுஷனுக்கு விருந்தாளிப் பழக்கம் விடவில்லை.

'லா' என்றால் என்னவென்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சவூதியில், தமாமில் டிரைவராக இருந்த காலமெல்லாம் கேட்ட சொல். ஊருக்குப் போக லீவு கேட்டால் முதலாளி, "லா" என்பான். மகள் பிறந்திருக்கிறாள் என்று கெஞ்சினாலும் "லா". இல்லை, கூடாது, முடியாது, எல்லாவற்றுக்கும் அரபியில் அந்த ஓரெழுத்துப் பூட்டு போதும். ஒருவழியாகப் பெட்டியைக் கட்டிக்கொண்டு மானகிரிக்கு வந்து, இனிமேலாவது ஒன்றாக இருப்போம் என்று நினைத்த வேளையில் பல்கீஸ் விழுந்தாள். முதலாளி விட்ட சொல்லை இப்போது அவள் பிடித்துக்கொண்டாள். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்கிற கதைதான்.

கூடத்தில் மகள் ஷாஜியா சோபாவில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்ப்பதற்காகச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தாள்.

"அத்தா, இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கீகளே. எங்க ஊர்ல எதைப் பேசினாலும் கடைசியில ஒரு லா போடுவாக. 'ஓகே லா', 'வேணாம் லா'. அதுக்குத் தனியா அர்த்தமே கிடையாது. அம்மா சொல்றதும் அப்படித்தான், சும்மா ஒரு சத்தம்."

"சத்தம்னா உங்கிட்டயும் சொல்லணும்ல? எங்கிட்ட மட்டும் ஏன் சொல்றா?"

தட்டோடு வெளியே வந்த நாகஜோதிக்குப் பூசி மெழுகிப் பேசத் தெரியாது.

"அது உண்மைதான் பாய். நாங்க பாட்டுக்கு உள்ள போறோம், வாரோம். எங்கள ஒண்ணும் சொல்றதில்ல. உங்க தலை தெரிஞ்சாத்தான் இந்தச் சத்தம்."

சேக் பரீது மகளைப் பார்க்காமல் சொன்னார்.

"நாளைக்கு உங்க மாமா வேன் கொண்டுக்கிட்டு வாராக. உங்கம்மா அவ அண்ணன் வீட்டுலயே இருக்கட்டும். என் மூஞ்சியப் பாக்காம இருந்தாலாவது நிம்மதியா இருப்பா."

"அப்ப நீங்க?"

"எனக்கென்ன, தனியா இருந்து பழகினவன்."

வாய்தான் அப்படிச் சொன்னது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. தமாமில் தனிமை வாட்டியபோது ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பாவது இருந்தது. இப்போது அடுத்த அறையில் இருக்கிறாள், அந்த நினைப்பும் இல்லை.

மறுநாள் காலையில் பல்கீஸின் அண்ணன் முஜிபுர் ரகுமான் வலையபட்டியிலிருந்து வேனோடு வந்து இறங்கினார். சிறுவயதில் பெற்றோர், தங்கையோடு ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவர். முழங்கால் ஆபரேஷன் ஆகிப் படுத்திருந்ததால் தங்கையை வந்து பார்க்க இப்போதுதான் முடிந்தது.

"நல்லா யோசிச்சீகளா மாப்ளே?" கைத்தடியை ஊன்றிக்கொண்டே கேட்டார்.

"யோசிச்சுட்டேன் மச்சான். அவளுக்கு நான் வேணாம். அவ வாயாலயே சொல்லிட்டா."

"பேச்சே வரலைன்னு சொன்னீக?"

"ஒரே ஒரு சொல்லு வருது. எனக்குன்னே வச்சிருக்கா. வாங்க, நீங்களே கேளுங்க."

அறை வாசலில் போய் நின்றார். மச்சான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றார். சேக் பரீது கடைசித் தடவையாகக் கேட்டார்.

"பல்கீஸ்... உள்ள வரட்டுமா?"

"லா."

"கேட்டீகளா?" என்று திரும்பாமலே சொன்னார். "இதான். வேனுக்குத் தூக்கச் சொல்லுங்க மச்சான்."

"லா! லா!" பல்கீஸின் கை மெத்தையை அடித்தது. கண்ணோரம் நீர் வழிந்து தலையணையில் இறங்கியது.

முஜிபுர் ரகுமான் மாப்பிள்ளையின் தோளைப் பிடித்தார்.

"மாப்ளே... இது எங்க ரங்கூன் பேச்சுல்ல? அந்த ஊரு ஆயா தூக்கி வளத்த பிள்ளை அவ. தமிழ் வாரதுக்கு முன்னாடியே அவ வாயில வந்தது இதுதான். வேலைக்குப் போன எங்கத்தா தெருமுனையில தெரிஞ்சாப் போதும், சன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு லா, லான்னு கத்துவா."

"அப்படின்னா?"

"'வா'ங்கிறதை பர்மாக்காரக அப்படித்தான் சொல்லுவாக."

"அப்ப... இத்தனை நாளா..."

"இத்தனை நாளா வா, வான்னுதான் கூப்பிட்டிருக்கா. நீங்கதான் மாப்ளே, போய்க்கிட்டே இருந்திருக்கீக."