கூலருக்கு அடியில்

மறுபடியும் திரை இருண்டது.

இளமதி கம்ப்யூட்டரை முறைத்தாள். ஆன் செய்த கொஞ்ச நேரத்தில் சூடு தொண்ணூற்றெட்டு டிகிரிக்கு எகிறுகிறது, சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடுகிறது. ஃபேன் என்னவோ பேயாகத்தான் சுற்றுகிறது.

விலை கம்மி என்று புதிதாக வந்த புராசசரை வாங்கியது அவள்தான். அதற்கென்று தனி போர்டு. புராசசர் மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் பழைய கூலர் அதில் உட்காரவே மாட்டேன் என்றது. புதுசுக்கு ஆர்டர் போட்டுவிட்டு, போர்டில் மாட்டிய புராசசரை ஒரு துண்டால் மூடி வைத்திருந்தாள். நேற்று கூலர் வந்த நேரம் பார்த்துக் கரண்ட் இல்லை. பொறுமை இருந்தால்தானே! மொபைல் வெளிச்சத்திலேயே மாட்டினாள். கண்ணெல்லாம் நாலு காலும் துளையில் விழுகிறதா என்பதிலேயே இருந்தது.

கல்யாண வீடியோ எடிட்டிங் செய்ய ஒரு கம்ப்யூட்டர், அதுவும் தன் கையாலேயே மாட்டியது. அதுதான் அவள் ஆசை. சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நாத்தனார் புருஷன் தமிழ்மணி, இதெல்லாம் பொம்பளைங்க மாட்டுகிற சாமானா என்று போனில் சிரித்தார்.

மாமனார் ராஜமாணிக்கத்துக்கு வந்ததே கோபம். போனைப் பிடுங்கி, என் மருமகள் மாட்டுவாள், நீங்கள் வந்து வேடிக்கை பார்த்தால் போதும் என்று சொல்லிவிட்டார்.

தமிழ்மணி நாளைக் காலையில் வேடிக்கை பார்க்க வருகிறார். மகள் வீட்டுக்குப் போயிருக்கும் மாமியார் தில்லையம்மாளும் கூடவே வருகிறாள். கம்ப்யூட்டர் ஓடாவிட்டால் மாமனார் மேல்பட்டாம்பாக்கத்தில் தலைகாட்ட மாட்டார்.

இளமதி கூலரைக் கழற்றினாள்.

புராசசர் மேல், கூலரின் அடியில் பூசியே வந்த, சூட்டைக் கடத்தும் சாம்பல் நிறப் பேஸ்டுக்கு நடுவே, மஞ்சளாக ஏதோ மொத்தையாகக் காய்ந்திருந்தது. நகத்தால் சுரண்டினாள். சந்தனம். அதன் நடுவே குங்குமம்.

கூலர் எப்படிப் பதியும்?

மிக்ஸி, கேஸ் அடுப்பு, வைஃபை பெட்டி என்று எது வந்தாலும் பொட்டு வைக்காமல் விடமாட்டாள் மாமியார். அத்தையின் வேலைதான் இது என்று பல்லைக் கடித்தாள்.

கடித்த பல் அப்படியே நின்றது.

அத்தை சிதம்பரம் போன பிறகுதானே புராசசரே வந்தது. கணவன் அன்புமணி சிங்கப்பூரில். வீட்டில் இருப்பது அவளும் மாமனாரும்தான்.

கறுப்புச் சட்டைக்காரர் ராஜமாணிக்கம். சொந்த மகன் வாங்கிய பைக்குக்கு எலுமிச்சம்பழம் வைத்ததற்கு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தவர். பூஜையறைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்.

தனக்காக அந்த அறைக்குள் போயிருக்கிறார். இளமதிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பாகூட அவளுக்காக இவ்வளவு இறங்கி வந்ததில்லை.

துடைத்தாள். புதுப் பேஸ்ட் வைத்து, கூலரை அழுத்தி மாட்டினாள். நாற்பத்திரண்டு டிகிரி. அதற்கு மேல் ஏறவில்லை.

வாசற்படியில் நிழல். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

“என்னம்மா கோளாறு?”

“பேஸ்ட் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு மாமா.” துணியின் மஞ்சள் பக்கத்தை உள்ளே மடித்துக்கொண்டாள்.

அவர் திரையைப் பார்த்தார். மீசையைத் தடவிவிட்டுக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற குரலில் போன் போட்டார்.

“மாப்ள, ஓடுதுய்யா. சும்மா ஜில்லுனு ஓடுது. எம் மருமவ ஒண்டியா மாட்டுனது. சாமி பூதம்னு ஒண்ணையும் கும்புடாம.”

இளமதி பூஜையறைக்குப் போனாள். கிண்ணத்துச் சந்தனத்தை விரலில் தொட்டு வந்து, கம்ப்யூட்டர் பெட்டியை மூடப்போகும் பக்கவாட்டுத் தகட்டின் உட்புறம் ஒரு பொட்டு வைத்தாள்.

அங்கே இருந்தால் எதுவும் சூடாகாது.